காத்திருப்பும் வேலைமுறையும்: ஐதராபாத் நகரம் தரும் பாடம்

நாட்கூலி பெறும் ஒருவர் மின்சாரக் கட்டணம் செலுத்துவதற்காக ஒரு முற்பகலை இழப்பாராயின், அவர் செலுத்தியது சீட்டில் அச்சிடப்பட்ட தொகை மட்டுமன்று. அன்றைய அரைநாட் கூலியும் அதனுடன் சேர்ந்ததே. இந்த இரண்டாவது தொகை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கட்டணத்தை வசூலிக்கும் அலுவலகத்துக்கும் அதனால் ஒரு காசு வருவதில்லை. கொடுத்தவர் இழந்தார்; பெற்றவர் எவருமிலர். விரயம் என்னும் சொல் இத்தகைய இழப்புக்கே முழுமையாகப் பொருந்தும். இவ்விழப்பைக் கண்டறிந்து களைவதற்குச் சென்ற நூற்றாண்டின் தொழிற்சாலைகளில் வளர்ந்த ஒரு வேலைமுறை, இன்று மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கையாளப்படுகிறது. அதன் இயல்பை ஐதராபாத் நகரத்து அனுபவத்தைக்கொண்டு ஆராயலாம்.

1990-களின் இறுதிவரை ஐதராபாத், செகந்தராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் வசித்தோர், மின்கட்டணத்துக்கு ஓரிடம், குடிநீர்க் கட்டணத்துக்கு வேறோரிடம், வீட்டுவரிக்கு மற்றோரிடம், தொலைபேசிக்கு இன்னுமோரிடம் என அலைய வேண்டியிருந்தது. துறைதோறும் தனிக் கவுண்டர். கவுண்டர்தோறும் தனி வரிசை. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் 'ட்வின்ஸ்' என்னும் முன்னோடித் திட்டம் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் தொடங்கப்பெற்றது. அது 2001 ஆகஸ்டில் 'ஈ-சேவா' என்னும் பெயருடன் விரிவடைந்தது. பல துறைகளின் கட்டணங்களையும் ஒரே கூரையின்கீழ் பெறும் நிலையங்கள் நகரில் ஆங்காங்கே திறக்கப்பட்டன. வேலை நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணிவரை அவை இயங்கியமையால், கூலி வேலைக்குச் செல்வோர் வேலைக்கு முன்னரோ பின்னரோ சென்று பணம் செலுத்த இயன்றது.

இவ்வெற்றிக்குக் கணிப்பொறியே காரணம் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மை. கணிப்பொறி இன்றி இவ்வேற்பாடு நடைபெற்றிராது என்பது மெய்யே. ஆயினும், பழைய முறையில் துறைக்கொரு கவுண்டரை அமைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கணிப்பொறியை வைத்திருந்தால் வரிசைகள் பெரிதும் குறைந்திரா. ஈ-சேவாவின் உண்மையான புதுமை, எந்தக் கவுண்டரிலும் எந்தக் கட்டணத்தையும் செலுத்தலாம் என்னும் விதியே ஆகும். இது சிறு மாறுதல்போல் தோன்றினும், இதன் பின்னே உறுதியான கணிதம் உண்டு.

வரிசைகளைப் பற்றிய கணிதத்தைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க் நாட்டின் ஏ. கே. எர்லாங் என்பவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1909-இல் இது குறித்த தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். அவர் வழியில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். இரண்டு கவுண்டர்கள் உள்ளன. ஒன்றில் மின்கட்டணம், மற்றொன்றில் குடிநீர்க் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் மணிக்குச் சராசரி 12 பேர் வருகின்றனர். ஒருவருடைய வேலையை முடிக்கச் சராசரி 4 நிமிடம் ஆகிறது. மக்கள் மணி அடித்தாற்போல் ஒழுங்காக வருவதில்லை; ஒருவருக்கு ஆகும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். இவ்விரண்டும் தற்செயலாக அமைகின்றன என்று கொண்டு கணக்கிட்டால், ஒருவர் தம் முறை வருவதற்குச் சராசரி 16 நிமிடம் காத்திருக்க நேரும். இனி, அதே இரு குமாஸ்தாக்கள், அதே 24 பேர், அதே 4 நிமிடம். ஆனால் வரிசை ஒன்றே, எவரும் எந்தக் கவுண்டருக்கும் செல்லலாம் என்று மாற்றுக. காத்திருப்பு ஏறக்குறைய 7 நிமிடமாகக் குறைகிறது. எவரும் கூடுதலாக உழைக்கவில்லை. புதிய ஆள் நியமிக்கப்படவில்லை. முன்னர் ஒரு கவுண்டரில் குமாஸ்தா சும்மா இருக்க, அடுத்த கவுண்டரில் பத்துப் பேர் நின்ற நிலை இருந்தது. அது இப்பொழுது நேர்வதில்லை. அவ்வளவே வேறுபாடு.

இதே கணக்கு மற்றொரு பாடத்தையும் தருகிறது. மேற்கூறிய தனிக் கவுண்டரின் குமாஸ்தா மணிக்கு 15 பேரைக் கவனிக்க வல்லவர். வருவோரோ 12 பேர். ஆகவே நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு ஓய்வு கிடைக்கிறது. இதைக் காணும் மேலதிகாரி, 'இவருக்கு வேலை போதவில்லை' என்று எண்ணி, இரண்டு மணிக்கு 27 பேர் வருமாறு வேலையைக் கூட்டுகிறார் என்று கொள்க. அஃதாவது வேலைச்சுமை எட்டில் ஒரு பங்கு உயர்கிறது. காத்திருப்போ 16 நிமிடத்திலிருந்து 36 நிமிடமாக ஏறிவிடுகிறது. குமாஸ்தாவின் நேரத்தை மிச்சப்படுத்தியதாக எண்ணியவர், பொதுமக்களின் நேரத்தை இருமடங்குக்கு மேல் செலவழித்துவிட்டார். ஐதராபாத்தில் 2005 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய '108' ஆம்புலன்ஸ் சேவையில், வண்டி அழைப்பின்றி நிற்கும் நேரத்தை எவரும் வீண் என்று கூறார். அவ்வாறு நிற்பதனால் அன்றோ அழைத்தவுடன் புறப்பட இயல்கிறது! கைகள் ஓயாதிருப்பதே திறமை என்னும் எண்ணம் சேவைத் துறையில் பெருந்தீங்கு விளைவிப்பதாகும்.

விரயத்தைக் களையும் இம்முறையின் பிறப்பிடம் ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்னும் பொறியியலார் இதனைப் படிப்படியாக உருவாக்கினார். அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தோர், வேண்டாத சதை நீங்கியது என்னும் பொருளில் 'லீன்' என்ற பெயரை 1988-இல் வழங்கினர். அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஓனோ ஏழு வகை விரயங்களைக் குறிப்பிட்டார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், பொருளை இங்குமங்கும் கொண்டுசெல்லுதல், வேண்டாத செய்முறை, தேக்கி வைத்தல், வீண் அசைவு, பிழையுள்ள பொருளைச் செய்தல் என்பன அவை. மோட்டார் தொழிற்சாலைக்கு வகுத்தவை ஆயினும், அலுவலகத்தில் இவற்றைத் தேடுவோர் ஏமாற்றம் அடையார். ஒரு பிரதி போதுமானவிடத்து மூன்று பிரதி கேட்பது முதல் வகை. மேசைமேல் உயர்ந்து நிற்கும் கோப்புக் கட்டு ஐந்தாம் வகை. 'ஒரு கையொப்பம் விடுபட்டுவிட்டது, நாளை வருக' என்று திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஏழாம் வகை. இவற்றுள் கடைசியானது மிகக் கொடியது. ஏனெனில் ஒரு பிழை, மேற்கூறிய ஆறனையும் மறுபடி ஒருமுறை பிறப்பிக்கும்.

கோப்புக் கட்டு ஏன் விரயம் என்பதை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். நான்கு மாணவர்களை வரிசையாக அமர்த்துக. பத்துத் தாள்களை முதல் மாணவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் தேதியிடுவார், ஒருவர் வரிசை எண் இடுவார், ஒருவர் மடிப்பார், ஒருவர் முத்திரையிடுவார். ஒவ்வொரு செயலுக்கும் 10 விநாடி என்று கொள்க. முதல் முறை, பத்துத் தாள்களையும் முடித்த பின்னரே கட்டாக அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். முழுக் கட்டும் முடிவதற்கு 400 விநாடியும், முதல் தாள் முடிவதற்கே 310 விநாடியும் ஆகும். இரண்டாம் முறை, ஒவ்வொரு தாளையும் முடித்தவுடன் கைமாற்றுக. முதல் தாள் 40 விநாடியிலும், பத்தாம் தாள் 130 விநாடியிலும் முடிந்துவிடும். எழுதும் வேகத்தில் மாறுதல் இல்லை. முதல் மாணவர் தேதியைத் தவறாக இட்டிருந்தால் நேர்வதையும் மாணவர்கள் கவனித்தல் வேண்டும். கட்டு முறையில், அடுத்தவர் பார்ப்பதற்குள் பத்துத் தாள்களும் கெட்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கைமாறும் முறையில், இரண்டாம் மாணவர் முதல் தாளிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இனி, மீண்டும் ஐதராபாத்துக்கு வருவோருக்கு ஒரு கேள்வி எழும். கட்டணம் செலுத்துவது கவுண்டரிலேயே தொடங்கிக் கவுண்டரிலேயே முடிகின்ற வேலை; சான்றிதழ் பெறுவதோ அத்தகையதன்று. 2011-இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 'மீ சேவா' என்னும் திட்டம் தொடங்கியபொழுது இவ்வேறுபாடு வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சேவைகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. ஏ வகையில், ஆவணங்கள் முன்னரே கணிப்பொறியில் ஏற்றப்பட்டிருந்தமையால், விண்ணப்பித்தவர் அப்பொழுதே மின்கையொப்பமிட்ட பிரதியைப் பெற்றுச் செல்லலாம். நிலப்பதிவின் நகல் இத்தகையது. பி வகையில், வருமானச் சான்றிதழ்போல், அதிகாரி ஒருவர் விசாரித்து அறிய வேண்டிய செய்தி உண்டு. அதற்குரிய நாட்கள் குறிப்பிடப்பட்டன. முதல் வகையின் நுட்பம் கருதத்தக்கது. வேலை மறைந்துவிடவில்லை, விண்ணப்பதாரர் வருவதற்கு முன்னரே அது செய்து முடிக்கப்பட்டது.

இரண்டாம் வகையிலேதான் களப் பணியாளரின் பொறுப்பு வருகிறது. வருமானச் சான்றிதழ் ஒன்று பத்து வேலை நாட்களில் கிடைக்கிறது என்று கொள்க. பதிவு செய்ய 5 நிமிடம், களத்தில் விசாரிக்க 30 நிமிடம், மேலதிகாரி பார்த்து ஒப்பமிட 5 நிமிடம்; ஆக 40 நிமிட வேலை. நாளொன்றுக்கு 8 மணி நேரமாகப் பத்து நாட்களுக்கு 4,800 நிமிடம். அஃதாவது, விண்ணப்பம் கழித்த காலத்தில் 120-இல் ஒரு பங்கே எவர் கையிலேனும் இருந்தது. எஞ்சிய 119 பங்கும் அது எங்கோ படுத்திருந்தது. ஆதலின், விசாரணை அதிகாரியை 'விரைவாக நடந்து செல்க' என்று அவசரப்படுத்துவதால் விளையும் பயன் மிகச் சிறிது. அவர் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே அக்கிராமத்துக்குச் செல்கிறார் என்றால், விண்ணப்பம் சராசரியாக அரை வாரம் அவருக்காகக் காத்திருக்கும். வாரத்துக்கு இருமுறை செல்ல வழி செய்தால், அவர் நடையின் வேகம் கூடாமலே அக்காத்திருப்பு பாதியாகும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒருமுறை செல்லலாமே எனின், அப்பொழுது போக்குவரவே விரயமாகிவிடும். கட்டின் அளவு எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அங்கே பணி செய்பவரே அதை அறிவார்.

இங்ஙனம் அறிவதற்கு ஓனோ கையாண்ட வழி எளியது. தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, இளம் பொறியியலாரை அதனுள் நிறுத்தி, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு கூறுவாராம். அறிக்கை எழுதுமாறு அவர் கேட்பதில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவே. அலுவலகத் தலைவர் ஒருவர் தம் அறையை விட்டு வந்து, பொதுமக்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுகின்றனர், எக்காரணத்துக்காக, எந்தக் கேள்வியைக் கேட்பதற்காக எத்தனை பேர் வரிசையில் நிற்கின்றனர் என்பன யாவும் தெரியவரும். பத்தில் நான்கு பேர் ஒரே கட்டத்தை நிரப்பாமல் விட்டால், குறை அந்நால்வருடையதன்று, படிவத்தினுடையது.

குறை ஆளினுடையதா, முறையினுடையதா என்னும் இவ்வினா இத்துறையின் உயிர்நாடி. இந்தியாவில் இது பழைய வினாவே. புள்ளியியல் வழியே தரத்தைக் கண்காணிக்கும் கலையை நிறுவிய அமெரிக்க அறிஞர் வால்ட்டர் ஷூவார்ட், பேராசிரியர் மகலநோபிஸின் அழைப்பின்பேரில் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்தார். அதன் பின்னர் இந்தியப் புள்ளியியல் கழகம் இக்கலையை நாடெங்கும் பரப்பியது. ஐதராபாத்திலும் அதற்கு ஒரு பிரிவு அமைந்தது. ஷூவார்ட்டின் கருத்தை விளக்க அவருடைய நண்பர் எட்வர்ட்ஸ் டெமிங், மணிகளைக்கொண்டு ஒரு சோதனை நடத்துவது வழக்கம். அதை நம் பள்ளிகளில் காராமணியைக்கொண்டு செய்யலாம்.

வெள்ளைக் காராமணி நான்கு பங்கும் சிவப்புக் காராமணி ஒரு பங்கும் ஒரு பானையில் நன்றாகக் கலந்து வைக்கப்படுகின்றன. ஆறு மாணவர்கள் 'வேலையாட்கள்'. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு 50 மணிகளை எடுக்க வேண்டும்; சிவப்பு மணி 'பிழை' எனப்படும். எண்ணிக் குறித்தபின் மணிகள் மீண்டும் பானையில் இடப்படும். குறைந்த பிழை செய்தவரை ஆசிரியர் பாராட்டுவார். மிகுந்த பிழை செய்தவரைக் கண்டிப்பார். ஐந்தாறு சுற்றுக்கள் நடந்ததும் விந்தை புலப்படும். பாராட்டுப் பெற்றவர் அடுத்த சுற்றில் பெரும்பாலும் சறுக்குவார், கண்டிக்கப்பட்டவர் முன்னேறுவார். பாராட்டு கெடுக்கிறது, கண்டிப்பு திருத்துகிறது என்று ஆசிரியரே நம்பத் தொடங்கிவிடலாம்! உண்மையில் இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. சராசரி 10 பிழை. தற்செயலாகவே அது 2 முதல் 18 வரை ஏறி இறங்கும் என்று கணிதம் கூறுகிறது. அவ்வெல்லைக்குள் நிகழ்வனவற்றுக்கு ஆளைப் பொறுப்பாக்குதல் பொருளற்றது. பிழை குறைய வேண்டுமானால் பானையிலுள்ள சிவப்பு மணிகளை அகற்றல் வேண்டும். பானையோ வேலையாளின் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் உள்ளது.

ஷூவார்ட் தம் முதற் கண்காணிப்பு வரைபடத்தைத் தயாரித்தது 1924-இல். அதே ஆண்டில், உலகின் மறுபுறத்தில், டொயோட்டா குடும்பத்தின் மூத்தவராகிய சாக்கிச்சி டொயோடா ஒரு தானியங்கித் தறியை முடித்தார். நூல் அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். பழுதுள்ள துணியைத் தொடர்ந்து நெய்யாது. பின்னாளில் மோட்டார் தொழிற்சாலையில் இக்கருத்தே ஒரு கயிறாக உருவெடுத்தது. குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். உதவிக்கு ஆள் ஓடிவருவார். குறை அங்கேயே தீராவிடில் வேலை நிற்கும். கயிற்றைத் தொங்கவிடுதல் எளிது. அதை இழுத்தவர் வசைக்கு ஆளாகமாட்டார் என்னும் நம்பிக்கையை உண்டாக்குதல் அரிது. தவறான பதிவைச் செய்துவிட்ட குமாஸ்தா அதை உடனே மேலதிகாரியிடம் சொல்வாரா, மறைப்பாரா என்பது அவர் குணத்தைப் பொறுத்ததன்று. முன்னர் சொன்னவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதைப் பொறுத்தது.

இம்முறையின் பெயரால் ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. அது பெயரை மட்டும் கடன் வாங்கியதாகும். வேலையைச் சுருக்கும் வழியைச் சொன்னவர் தம் வேலையை இழப்பாரானால், மறுமுறை எவரும் வாய் திறவார். மிச்சமான நேரத்தை வரிசையில் நிற்போரிடம் செலவிடுவதே நேர்மையான வழி.

ஐதராபாத்திலேயே உள்ள எல். வி. பிரசாத் கண் ஆராய்ச்சி நிலையம் இதற்கு வேறொரு வகைச் சான்று. 1987-இல் டாக்டர் குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் அதனை நிறுவினார். கிராமத்து முதியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்காக நகரத்துக்கு வருவாராயின், துணைக்கு ஒருவர், இருவருக்கும் பஸ் கட்டணம், இருவர் கூலி என இழப்பு பெருகும். இவ்வளவும் அரைமணி நேரப் பரிசோதனைக்காக. ஆகவே சேவை ஒரு கோபுரம்போல் அடுக்கப்பட்டது. ஏறக்குறைய 50,000 மக்களுக்கு ஒரு கண் பார்வை நிலையம். 5 லட்சம் மக்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் ஒரு மையம். அதற்கு மேல் பெரிய மருத்துவமனைகள். அடித்தளத்திலுள்ள பார்வை நிலையத்தில் டாக்டர் இருப்பதில்லை; அவ்வட்டாரத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்துப் பயிற்சி பெற்ற இளைஞர் பரிசோதனை செய்து கண்ணாடியை வழங்குகிறார். அறுவைச் சிகிச்சை வேண்டுவோர் மட்டுமே மேலே அனுப்பப்படுகின்றனர். எல்லாரும் ஒரே பெரிய மருத்துவமனையின் வாயிலில் நிற்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை அறைக்குள்ளேயே இக்கருத்தைப் புகுத்தியது. டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்பொழுது மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். டாக்டர் தம் வேலையை முடித்து அடுத்த மேசைப் பக்கம் திரும்புகிறார். அவருடைய கை அறுவையின்பொழுது விரைவதில்லை. ஓர் அறுவைக்கும் அடுத்ததற்கும் இடையே, மேசையைத் துடைத்து நோயாளியைக் கிடத்தும்வரை அவர் காத்திருந்த நிமிடங்களே நீங்கின. கிராமங்களிலிருந்து புரை விழுந்த கண்களுடன் வருவோருள் இன்னும் ஒருவருக்கு அன்றே பார்வை கிடைப்பதற்கு அந்நிமிடங்கள் பயன்படுகின்றன.